ஜெபிக்க வேண்டாம் என்று கர்த்தர் சொன்ன நாட்கள்

தியானப் பகுதி: எரேமியா 34:8-22, 37:1-10



பிறருக்காக ஜெபிப்பது சபையின் மூச்சு. ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் ஜெபக்குறிப்புகளும், உபவாசக் கூட்டங்களில் முழங்காலில் நின்று ஏறெடுக்கும் விண்ணப்பங்களும், பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தாய்மார் இரவில் சிந்தும் கண்ணீரும் இல்லாத சபையை நம்மால் எண்ணிப் பார்க்க இயலாது. அப்படிப்பட்ட நமக்கு எரேமியாவின் புத்தகத்தில் மூன்று இடங்கள் பெரும் இடறலாகத் தோன்றும். 7:16, 11:14, 14:11 ஆகிய அந்த மூன்று வசனங்களிலும், இந்த ஜனத்துக்காக விண்ணப்பம்பண்ண வேண்டாம் என்று கர்த்தர் தம்முடைய தீர்க்கதரிசிக்கே கட்டளையிடுகிறார்.

இரக்கத்தில் ஐசுவரியமுள்ளவர் ஜெபத்துக்குத் தடை விதிப்பாரா? விதித்தார் என்றால், அவருடைய இரக்கம் தீர்ந்துபோயிற்றா? இக்கேள்விகளுக்கு அவசரமாக விடை சொல்லாமல், அந்த வார்த்தை உரைக்கப்பட்ட நாட்களின் வரலாற்றை முதலில் பார்ப்போம். எருசலேமின் தெருக்களிலும் அரண்மனையிலும் அப்போது நடந்தவற்றை அறிந்தால்தான் அந்தத் தடையின் பொருள் நமக்கு விளங்கும்.

யோசியாவுக்குப் பின்

ஆனதோத் ஊரின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த எரேமியா, யோசியா ராஜாவின் 13ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 627ஆம் ஆண்டளவில், அழைப்பைப் பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்பட்டது. ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். மேடைகள் இடிக்கப்பட்டன, விக்கிரகங்கள் சுட்டெரிக்கப்பட்டன, பஸ்கா ஆசரிக்கப்பட்டது. யூதாவின் வரலாற்றில் அதைப் போன்ற சீர்திருத்தம் வேறில்லை.

ஆனால் கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்தின் பார்வோன் நேகோவை எதிர்த்துச் சென்ற யோசியா மாண்டான். அவனுடைய குமாரன் யோயாக்கீமை எகிப்தியர் சிங்காசனத்தில் ஏற்றினார்கள். பாரமான வரி தேசத்தின்மேல் விழுந்தது. அந்த நிலையிலும் யோயாக்கீம் தனக்கென்று விசாலமான மாளிகையைக் கட்டினான். கேதுரு மரப் பலகைகளால் அதை மூடி, சிவப்பு வர்ணம் பூசினான். கட்டினவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா 22ஆம் அதிகாரம் இதை வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டுகிறது. அவனுடைய தகப்பனோ சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான் என்றும், கர்த்தரை அறிகிற அறிவு என்பது அதுவே என்றும் தீர்க்கதரிசி எடுத்துக்காட்டுகிறார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையை நாம் கவனிக்கவேண்டும். அந்த நாட்களின் எருசலேமில் பக்திக்குக் குறைவில்லை. 1979ஆம் ஆண்டு எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கின் ஓரத்திலுள்ள ஒரு கல்லறைக் குகையில், தொல்லியலாளர் காபிரியேல் பார்க்காய் இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசாரிய ஆசீர்வாதத்தை ஒத்த சொற்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை ஏறக்குறைய எரேமியாவின் காலத்தைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கர்த்தருடைய ஆசீர்வாதத்தை வெள்ளியில் எழுதி வைத்துக்கொண்ட மக்கள் வாழ்ந்த நகரம் அது. அதே பள்ளத்தாக்கில்தான் தோப்பேத்தின் மேடைகளில் பிள்ளைகள் அக்கினியில் இடப்பட்டார்கள் என்று எரேமியா அழுதார்.

தடை பிறந்த இடம்

யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கத்தில் எரேமியா ஆலயத்தின் வாசலில் நின்று ஒரு செய்தியைக் கூறினார். அது 7ஆம் அதிகாரத்திலும், அதன் விளைவு 26ஆம் அதிகாரத்திலும் உள்ளன. ஜனங்கள் ஆலயத்தின் பெயரை மும்முறை சொல்லிக்கொண்டு, இந்த இடம் இருக்கும்வரை நமக்கு ஒரு தீங்கும் வராது என்று நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை பொய் என்று எரேமியா உரைத்தார். பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்காதிருங்கள், குற்றமில்லாத இரத்தத்தைச் சிந்தாதிருங்கள், அப்போது இங்கே குடியிருப்பீர்கள் என்பது அவர் வைத்த நிபந்தனை. திருடி, கொலைசெய்து, பொய்யாணையிட்டுவிட்டு, பிறகு இங்கே வந்து நிற்பதால் இந்த வீடு கள்ளர் குகையாகிவிட்டது என்றார். முன்பு கர்த்தருடைய கூடாரம் இருந்த சீலோவைப் போய்ப் பாருங்கள், அது பாழாய்க் கிடக்கிறது என்றும் சொன்னார்.

இந்தப் பிரசங்கத்தைத் தொடர்ந்துதான் முதல் தடை வருகிறது. அதை அடுத்து வருவது ஒரு குடும்பத்தின் காட்சி: பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், ஸ்திரீகள் மா பிசைகிறார்கள், எல்லாம் வானராக்கினிக்குப் பணியாரம் சுடுவதற்காக. வீட்டார் அனைவரும் ஒருமனப்பட்டு ஒரு வேலையைச் செய்கிறார்கள். அந்த வேலையை நிறுத்த அவர்களுக்கு மனமில்லை. ஆனால் தங்களுக்காக ஜெபிக்க ஒரு தீர்க்கதரிசி வேண்டும்.

செய்தியைக் கேட்ட ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் எரேமியா சாகவேண்டும் என்றார்கள். சாப்பானின் குமாரனாகிய அகீக்காம் அவருக்குத் துணையாக நின்றதால் அவர் உயிர் தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்னும் மற்றொரு தீர்க்கதரிசிக்கு அப்படிப்பட்ட துணை இல்லை. எகிப்துக்கு ஓடிப்போன அவரை ராஜா பிடித்துவரச் செய்து, பட்டயத்தால் வெட்டிப்போட்டான்.

ஆபிரகாம், மோசே, சாமுவேல்

தடை என்பது ஜெபம் வலுவற்றது என்பதன் அடையாளமன்று. பயனற்ற ஒன்றை எவரும் விலக்கத் தேவையில்லை. பொற்கன்றுக்குட்டியின் நாளில் கர்த்தர் மோசேயிடம், என்னை விட்டுவிடு என்னும் பொருள்பட உரைத்தது யாத்திராகமம் 32இல் உள்ளது. மனிதனுடைய மன்றாட்டு தேவனுடைய கரத்தைப் பற்றிக்கொள்ளத்தக்கது என்பதற்கு அந்த வார்த்தையே சாட்சி. எரேமியாவுக்குக் கிடைத்த தடையும் அதே உண்மையைச் சொல்லாமல் சொல்கிறது.

ஆனாலும் வேதம் காட்டும் மன்றாட்டு வீரர்களின் வரலாற்றைக் கூர்ந்து பாருங்கள். சோதோமுக்காக நின்ற ஆபிரகாம் 50 நீதிமான்களில் தொடங்கி 10 பேரில் நிறுத்தினார். எருசலேமின் நாட்களிலோ கர்த்தர்தாமே அந்த எண்ணிக்கையைக் குறைத்தார். நியாயம் செய்கிற ஒருவனைத் தெருக்களில் கண்டுபிடித்தால் நகரத்துக்கு மன்னிப்பேன் என்று எரேமியா 5:1 கூறுகிறது. ஆபிரகாம் கேட்கத் துணியாத இடம்வரை தேவனுடைய இரக்கம் இறங்கி வந்தது.

மோசே ஜெபித்தார், ஜனம் அழியாமல் காக்கப்பட்டது. ஆயினும் அவர் கன்றுக்குட்டியை நெருப்பிலிட்டுப் பொடியாக அரைத்தார். பாவத்தின் தண்டனையும் முற்றிலும் நீங்கவில்லை. சாமுவேல் மிஸ்பாவில் ஜெபித்தார், பெலிஸ்தர் முறியடிக்கப்பட்டார்கள். ஆனால் 1 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தின் வரிசையை மறவாதீர்கள். முதலில் இஸ்ரவேலர் பாகால்களையும் அஸ்தரோத்தையும் விலக்கினார்கள். அதன்பின்னரே சாமுவேல் அவர்களை மிஸ்பாவில் கூடிவரச்செய்து விண்ணப்பம்பண்ணினார். ஜனங்களுக்காக ஜெபிக்காமல் விடுவதே தனக்குப் பாவம் என்று கருதியவர் அவர்.

இவ்விருவர் தம்முன் நின்றாலும் தம் மனம் இந்த ஜனத்தின்பக்கம் சாயாது என்று எரேமியா 15:1இல் கர்த்தர் உரைத்தபோது, மோசேயையும் சாமுவேலையும் அவர் சிறுமைப்படுத்தவில்லை. அவர்கள் நின்ற நாட்களில் ஜனங்கள் தங்கள் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள், இவர்கள் போடவில்லை. பாபிலோனில் சிறைப்பட்டோர் நடுவே இருந்த எசேக்கியேலுக்கும் இதே வார்த்தை உண்டாயிற்று. நோவா, தானியேல், யோபு என்னும் மூவர் தேசத்தில் இருந்தாலும் தங்கள் நீதியினால் தங்கள் ஆத்துமாக்களை மாத்திரம் தப்புவிப்பார்கள் என்று 14ஆம் அதிகாரம் சொல்கிறது. ஒருவனுடைய நீதி மற்றவனுடைய மனந்திரும்புதலுக்குப் பதிலாக நிற்க முடியாது.

முற்றுகைக்குள் வந்த ஜெப வேண்டுகோள்

கி.மு. 605இல் கர்கேமிஸ் என்னும் இடத்தில் பாபிலோன் எகிப்தை வென்றது. யோயாக்கீம் சில ஆண்டுகள் நேபுகாத்நேச்சாரைச் சேவித்துப் பின்பு கலகம்பண்ணினான். 1956இல் டொனால்ட் வைஸ்மன் வெளியிட்ட பாபிலோனிய நாளாகமக் களிமண் பலகையில், நேபுகாத்நேச்சாரின் ஏழாம் ஆண்டு ஆதார் மாதம் இரண்டாம் தேதியில் யூதாவின் நகரம் பிடிபட்டது என்று குறிக்கப்பட்டுள்ளது. நம் கணக்கில் அது கி.மு. 597, மார்ச் 16. யோயாக்கீன் ராஜா சிறைப்பட்டுப் போனான். அவனுடைய சிற்றப்பனாகிய சிதேக்கியா ராஜாவாக்கப்பட்டான்.

சிதேக்கியாவும் பாபிலோனுக்கு விரோதமாக எழும்பினான். அவனுடைய ஒன்பதாம் ஆண்டின் பத்தாம் மாதத்தில் கல்தேயர் எருசலேமை வளைந்துகொண்டார்கள். அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மாத்திரம் மீந்திருந்தன என்று எரேமியா 34:7 கூறுகிறது. 1935இல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி லாகீசின் நுழைவாயில் இடிபாடுகளில் மை எழுத்துள்ள பானையோடுகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்றில், லாகீசின் தீக்குறிகளுக்காகக் காத்திருப்பதாகவும் அசெக்காவின் குறி தெரியவில்லை என்றும் ஒரு படைவீரன் தன் தலைவனுக்கு எழுதியிருக்கிறான். தேசத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த நெருக்கத்தில் சிதேக்கியா ஒரு நல்ல காரியம் செய்தான். எபிரெய அடிமைகளை எல்லாரும் விடுதலையாக்க வேண்டும் என்று எருசலேமின் ஜனத்தோடு உடன்படிக்கைபண்ணினான். ஏழாம் ஆண்டில் அடிமையை விடுவிக்கவேண்டும் என்பது மோசேயின் பிரமாணம்; நெடுங்காலம் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போதோ ஆலயத்திலேயே, கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே கடந்துபோய் ஆணையிட்டார்கள். அடிமைகள் விடுதலையானார்கள். கர்த்தர் இதைத் தமது பார்வைக்குச் செம்மையானது என்று மெச்சினார்.

அப்பொழுது பார்வோனின் சேனை எகிப்திலிருந்து புறப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்ட கல்தேயர் முற்றுகையை விட்டு விலகிப்போனார்கள். நகரத்தின் வாசல்கள் திறந்தன. ஆபத்து கடந்துபோயிற்று என்று எண்ணிய எஜமான்கள் தாங்கள் விடுதலையாக்கின ஆண்களையும் பெண்களையும் மறுபடியும் பிடித்து அடிமைப்படுத்தினார்கள். சில வாரங்களோ சில மாதங்களோ சுயாதீனராக நடமாடிய ஒரு பெண்ணின் வாசலில் பழைய எஜமானுடைய ஆட்கள் வந்து நின்றதை எண்ணிப் பாருங்கள். ஆலயத்தில் ஆணையிட்ட அதே கைகள் அவளை இழுத்துச் சென்றன.

இந்த இடைவேளையில்தான் சிதேக்கியா ராஜா செலேமியாவின் குமாரனாகிய யூகாலையும் ஆசாரியனாகிய செப்பனியாவையும் எரேமியாவிடம் அனுப்பி, எங்களுக்காக நம்முடைய தேவனாகிய கர்த்தரிடத்தில் விண்ணப்பம்பண்ணும் என்று கேட்டுக்கொண்டான். இதை எரேமியா 37ஆம் அதிகாரம் பதிவு செய்கிறது. 34ஆம் அதிகாரத்தையும் 37ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே வாசிப்பதால் இந்த உண்மை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அடிமைகளைத் திரும்பப் பிடித்ததும் ஜெபத்துக்கு ஆள் அனுப்பியதும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் நடந்தவை.

2005ஆம் ஆண்டில் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் ஏலாத் மசார் நடத்திய அகழாய்வில், பழைய எபிரெய எழுத்தில் முத்திரை பதித்த ஒரு சிறு களிமண் துண்டு கிடைத்தது. செலேமியாவின் குமாரன் யூகால் என்னும் பெயர் அதில் உள்ளது. ராஜா அனுப்பின அந்தப் பிரபுவின் முத்திரையே இது என்று பலர் கருதுகிறார்கள். ஜெப வேண்டுகோளைச் சுமந்து வந்த அந்த யூகால், சிறிது காலத்தில் எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று ராஜாவிடம் கேட்ட பிரபுக்களில் ஒருவனாக 38ஆம் அதிகாரத்தில் மீண்டும் வருகிறான். தீர்க்கதரிசியின் ஜெபம் அவனுக்கு வேண்டியிருந்தது. தீர்க்கதரிசியின் வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

ஒரே நகரத்திலிருந்து எழும்பிய இரண்டு கூக்குரல்கள்

பிரியமானவர்களே, அந்த நாளில் எருசலேமிலிருந்து பரலோகத்துக்கு இரண்டு விண்ணப்பங்கள் ஏறின. ஒன்று அரண்மனையிலிருந்து முறையான தூதுவர் மூலமாகப் புறப்பட்டது. மற்றொன்று அடிமை வீட்டிலிருந்து, யாருடைய துணையுமின்றி எழும்பியது. அதை வேதம் வார்த்தைகளில் எழுதவில்லை. ஆனால் விதவையும் திக்கற்ற பிள்ளையும் ஒடுக்கப்பட்டு முறையிட்டால் அந்த முறையீட்டை நிச்சயமாய்க் கேட்பேன் என்று யாத்திராகமம் 22இல் கர்த்தர் வாக்களித்திருக்கிறார். எகிப்தின் சூளைகளில் எழும்பிய பெருமூச்சைக் கேட்டு இறங்கிவந்தவர் அவர். தம்முடைய நகரத்தில் அடிமையானவர்களின் பெருமூச்சுக்கு அவர் செவியை அடைத்துக்கொள்வாரோ?

இரண்டு விண்ணப்பங்களையும் ஒருங்கே நிறைவேற்ற வழியில்லை. எஜமான் தன் பிடியை விடாமல் சமாதானம் கேட்கிறான். அடிமை அந்தப் பிடியிலிருந்து விடுதலை கேட்கிறாள். எஜமானுக்கு அவன் கேட்கிறபடியே கொடுத்தால் அடிமைக்கு நியாயம் மறுக்கப்படும். இங்கேதான் தேவநீதியையும் தேவ இரக்கத்தையும் எதிரெதிராக நிறுத்தும் நம் பழக்கம் தடுமாறுகிறது. ஒடுக்குகிறவன்மேல் வரும் நியாயத்தீர்ப்பு, ஒடுக்கப்படுகிறவனுக்கு இரக்கமாகவே வருகிறது. ஒடுக்குகிறவனைத் தப்பவிடும்படி மட்டும் மன்றாடுவது, அறியாமலே அடிமைக்கு விரோதமாக மன்றாடுவதாகிவிடும்.

ஆகவே 34ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய தீர்ப்பு அந்த விடுதலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் உங்கள் சகோதரனுக்கு விடுதலை கூறவில்லை, ஆகையால் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விடுகிறேன் என்பது அதன் கருத்து. ராஜாவின் தூதுவருக்கு எரேமியா கொடுத்த பதிலும் அதற்கு இசைந்தது: எகிப்தின் சேனை திரும்பிப்போகும், கல்தேயர் மறுபடியும் வருவார்கள்.

மூடப்பட்ட வாசலும் திறந்திருந்த வாசலும்

இவ்வளவோடு நின்றால் எரேமியாவின் புத்தகம் கடுமையின் புத்தகமாகவே தோன்றும். ஆனால் தொடர்ந்து வாசியுங்கள். பிரபுக்கள் தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த துரவிலே இறக்கினார்கள். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் ராஜாவிடம் துணிந்து பரிந்து பேசி, பழந்துணிகளைக் கயிற்றோடு கொடுத்து அவரைத் தூக்கியெடுத்தான். திறப்பிலே நிற்கிற ஒரு மனுஷனைத் தேடியும் காணவில்லை என்று எசேக்கியேல் 22:30இல் கர்த்தர் உரைத்த அந்த நாட்களில், அந்நிய தேசத்தானாகிய ஓர் அரண்மனை ஊழியன் ஒரு கைதிக்காக நின்றான். நகரம் விழும் நாளில் அவனுடைய பிராணன் காக்கப்படும் என்று கர்த்தர் அவனுக்கு வாக்களித்தார்.

துரவிலிருந்து வெளிவந்த எரேமியாவை ராஜா இரகசியமாய் அழைப்பித்தான். அப்போதும் எரேமியா அவனிடம் கூறியது என்ன? பாபிலோன் ராஜாவின் பிரபுக்களிடம் புறப்பட்டுப்போனால் உம்முடைய ஆத்துமா உயிரோடிருக்கும், இந்தப் பட்டணமும் சுட்டெரிக்கப்படாது என்றார். ஜெபத்துக்குத் தடை வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மதில்களைச் சுற்றிலும் கொத்தளங்கள் எழும்பிவிட்டன. ஆயினும் கீழ்ப்படிதலின் வாசல் திறந்தே இருந்தது. பிறன் ஒருவனுடைய ஜெபத்தின் மறைவில் ஒளிந்துகொள்ளும் வழியைத்தான் கர்த்தர் மூடினார். தாமாகவே திரும்பி வரும் வழியை அவர் மூடவில்லை. ஜெபத்தை மனந்திரும்புதலுக்குப் பதிலாக வைத்துக்கொண்ட ஜனத்துக்கு, அந்தத் தடையே கடைசி எச்சரிப்பாயிற்று.

சிதேக்கியா அஞ்சினான். ஏற்கெனவே கல்தேயரிடம் போன யூதர் தன்னைப் பரியாசம்பண்ணுவார்களோ என்பதே அவனுடைய கவலை. அவனுடைய 11ஆம் ஆண்டின் நான்காம் மாதத்தில் நகரத்தின் மதில் உடைக்கப்பட்டது. அது கி.மு. 587 அல்லது 586 என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அடுத்த மாதத்தில் ஆலயம் எரிந்தது. ஜெபம் கேட்க வந்த ஆசாரியன் செப்பனியா ரிப்லாவில் கொலையுண்டான். மூன்று முறையாகச் சிறைப்பட்டுப்போனவர்கள் 4600 பேர் என்று எரேமியாவின் கடைசி அதிகாரம் எண்ணிச் சொல்கிறது.

இத்தனைக்கும் நடுவில் எரேமியாவின் மனம் கல்லாகவில்லை. தடை வந்த பின்னும் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் அவர் மன்றாடுகிறார். தமக்குக் குழிவெட்டினவர்களுக்காகவே நன்மையைப் பேசும்படி தேவசமுகத்தில் நின்றதை 18ஆம் அதிகாரத்தில் நினைப்பூட்டுகிறார். ஜனத்தின் புண்ணைத் தம் புண்ணாகச் சுமந்து இரவும் பகலும் அழுதார். ஜெபிக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அழ வேண்டாம் என்று சொல்லப்படவில்லை.

அழிவுக்குப் பின்னும் ஜெபம்

முதற்சிறையிருப்பில் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம் 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், உங்களைச் சிறைப்படுத்தி அனுப்பின அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று அதில் கர்த்தர் கட்டளையிடுகிறார். இது எவ்வளவு வியப்பானது! எருசலேமுக்காக ஜெபிக்கத் தடைபெற்ற அதே தீர்க்கதரிசி, பாபிலோனுக்காக ஜெபிக்கும்படி எழுதுகிறார். இரக்கத்தின் ஊற்று வற்றவில்லை. அது வேறொரு நிலத்தில் பீறிட்டது.

நகரம் விழுந்தபின், மீந்தவர்கள் பெத்லெகேமுக்கு அருகே தங்கியிருந்து, தங்களுக்காக ஜெபிக்கும்படி எரேமியாவை வேண்டினார்கள். இம்முறை தடை இல்லை. அவர் ஜெபித்தார், 10 நாள் கழிந்து பதில் வந்தது. தேசத்திலே தங்கியிருங்கள், நான் உங்களைக் கட்டுவேன் என்பதே அந்தப் பதில். அவர்களோ, நீ பொய் சொல்லுகிறாய் என்று கூறி, அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்தின் தகபானேசுக்குப் போனார்கள். மன்றாட்டின் மற்றோர் எல்லையை இங்கே காண்கிறோம். ஜெபம் பதிலைக் கொண்டுவரும். அந்தப் பதிலுக்குக் கீழ்ப்படியும் வேலையை ஜெபிக்கிறவர் நமக்காகச் செய்ய முடியாது.

எனினும் முற்றுகையின் நாட்களிலேயே எரேமியா ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு ஒரு நிலத்தை வாங்கி, கிரயப்பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச்செய்தார். சிறைப்பட்ட யோயாக்கீன் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. தாவீதின் வம்சம் அணையாமல் காக்கப்பட்டது. நியாயத்தீர்ப்பு கடைசி வார்த்தையாக இருக்கவில்லை.

நமக்கு

அந்த வம்சத்தில் வந்த நம்முடைய ஆண்டவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நகரத்தைக் கண்டு அழுதார். ஆலயத்தில் பிரவேசித்து, எரேமியாவின் அதே கள்ளர் குகை என்னும் சொல்லையே எடுத்துரைத்தார். அவருடைய கண்ணீரும் அந்நகரத்தின் அழிவைத் தடுக்கவில்லை, கி.பி. 70இல் அது மறுபடியும் எரிந்தது. ஆனால் அவர் எரேமியா செய்யக்கூடாததைச் செய்தார். ஜெபித்ததோடு நில்லாமல், நியாயத்தீர்ப்பைத் தம்முடைய சரீரத்தில் ஏற்றுக்கொண்டார். சிலுவையில் தம்மை அறைந்தவர்களுக்காக மன்றாடினார். இன்றும் நமக்காக வேண்டுதல் செய்யும்படி உயிரோடிருக்கிறார் என்று எபிரெயர் 7:25 சாட்சியிடுகிறது. நீதியும் இரக்கமும் சந்தித்த இடம் அந்தச் சிலுவை. ஆயினும் அவர் வழியாய்த் தேவனிடத்தில் சேருகிறவர்களையே அவர் இரட்சிக்கிறார் என்பதையும் அதே வசனம் சொல்கிறது. சேராதவனுக்காக வேறொருவர் சேர முடியாது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் போகக்கூடாது. முதலாவது, யாரையும் ஜெபத்துக்கு எட்டாதவர் என்று தீர்க்க நமக்கு அதிகாரமில்லை. எரேமியாவுக்கு வந்த தடை கர்த்தருடைய நேரடியான வார்த்தை. நமக்கு வந்திருப்பதோ எல்லா மனுஷருக்காகவும் ஜெபிக்கவேண்டும் என்னும் 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தின் கட்டளை. குடியில் விழுந்த மகனுக்காகக் காத்திருக்கும் தாய் இன்றிரவும் ஜெபிக்கட்டும். இரண்டாவது, நோயுற்ற பிள்ளைக்காக ஜெபித்து அந்தப் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் சென்று, உங்கள் பாவமே உங்கள் ஜெபத்தைத் தடுத்தது என்று சொல்லத் துணியாதிருங்கள். யோபின் சிநேகிதர்மேல் கர்த்தருக்குக் கோபம் மூண்டதை நினைவில் வையுங்கள். சிதேக்கியாவுக்குச் சொல்லப்பட்டது துயரப்படுகிறவனுக்குரிய வார்த்தையன்று.

அது யாருக்குரிய வார்த்தை? வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, தொழில் ஆசீர்வாதத்துக்காக ஜெபக்குறிப்பு எழுதுகிறவருக்கு. விதவையான அண்ணியின் பங்கு நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, குடும்ப சமாதானத்துக்காக உபவாசிக்கச் சொல்கிறவருக்கு. மருமகளை வரதட்சணைக்காக வதைத்துக்கொண்டு, மகனுக்குக் குழந்தைப் பாக்கியம் கேட்கிறவருக்கு. மனைவியை மதியாத புருஷனுடைய ஜெபம் தடைப்படும் என்று பேதுருவும், சகோதரனோடு ஒப்புரவாகும்வரை காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டுப் போகும்படி ஆண்டவரும் கற்பித்தார்கள். இப்படிப்பட்டவருக்காகவும் போதகரும் சபையாரும் ஜெபிப்போம். ஆனால் கேட்கப்பட்டபடியே அல்ல. அவருடைய கையிலிருப்பதை அவர் விடும்படி ஜெபிப்போம். அவர் பிடித்து வைத்திருக்கும் அந்த மற்றவருக்காகவும் ஜெபிப்போம். அவரிடம் உண்மையைச் சொல்லவும் அஞ்சாதிருப்போம். எரேமியாவின் அன்பு அவ்விதமானது.

இந்த வாரத்தில் நம்முடைய ஜெபக்குறிப்பை எழுதுமுன், நம் பிடியிலிருந்து விடுதலை கேட்டு வேறொருவர் அதே தேவனிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று சற்றே நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். அப்படி ஒருவர் உண்டென்றால் நம்முடைய முதல் ஜெபம் அவருடைய வீட்டு வாசலில் தொடங்கட்டும்.

ஜெபம்: நீதியும் இரக்கமுமுள்ள பரம பிதாவே, பிறருடைய ஜெபத்தின் மறைவில் ஒளிந்துகொள்ளாமல் உம்மிடம் நேராய்த் திரும்ப எங்களுக்கு மனதைத் தாரும். நாங்கள் விடுதலையாக்க வேண்டியவர்களை எங்களுக்குக் காண்பியும். எங்களால் துயருற்றோரின் குரலையும் கேட்டு, அவர்களுக்கு நியாயம் செய்யும். எங்களுக்காக எப்பொழுதும் வேண்டுதல் செய்கிற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.